ஓதிய மருந்து

ஊசி ரத்தத்தைக் கெடுக்கும் என்று பத்து வருஷமாக ஊருக்குச் சொல்லிவந்த வைத்தியச்சி கனிஷாய், அன்று தானாகவே நர்ஸ் துர்சுனையைத் தேடி வந்தாள்.

“பக்கத்துப் பள்ளத்தாக்குல தட்டம்மைக்கு மூணு பிள்ளைங்க போயிடுச்சாமே?”

“நாலு அக்கா. இங்கே ஒருத்தியும் பிள்ளையைக் காட்ட மாட்டேங்குறா. பனி கொட்டிக் கணவாய் மூடிட்டா, வசந்தம் வரைக்கும் வேற மருந்து வராது.”

“நான் சொன்னா கேப்பாளுங்க. எனக்கும் ஒரு பிள்ளை இருக்குல்ல? மருந்துப் பெட்டியை இன்னிக்கு என் வீட்டுல வை, ஓதித் தரேன்.”

மருந்து கெடாமலிருக்கப் பெட்டியில் வைத்த ஐஸ் இரண்டு நாள் தாங்கும். “பத்திரம் அக்கா” என்று துர்சுனை கொடுத்துவிட்டாள்.

மறுநாள் கனிஷாய் வாசலில் அறுபது பிள்ளைகள். நேற்றுவரை முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திய தாய்மார்கள், கொட்டுகிற பனியில் வரிசையாக நின்றார்கள். துர்சுனைக்குக் கண் கலங்கிவிட்டது. கணவாய் மூடிவிட்டதாம், மூடட்டுமே!

கனிஷாய் தன் மகளை மடியில் இருத்திக்கொண்டாள்.

“முதல்ல இவளுக்குப் போடு. ஒரு குறையும் வைக்கலடி. ஏழு தடவை அர்ச்சா மரப் புகை காட்டினேன். பச்சப்புள்ள உடம்புல அவ்வளவு குளிர்ச்சி ஏறலாமா? ஐஸைக் கொட்டிட்டு, விடியிற வரைக்கும் அடுப்போரமா வச்சிருந்தேன்.”

துர்சுனை ஒரு குப்பியை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மருந்து கெட்டால் கறுத்துவிடும் சின்னக் கட்டம் ஒன்று அதன்மேல் உண்டு. கன்னங்கரேலென்று இருந்தது. அடுத்த குப்பியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

“என்னடி முழிக்கிற? குத்து. இனிமே ஊர்ல ஒருத்தரும் பயப்பட மாட்டாங்க.”