மனநிறைவு, ஒன்று முதல் ஐந்து வரை

முதுகலை ஆய்வுக்காக அருள்செல்வி துறைமுகத்தில் மீன் வெட்டும் பெண்களைப் பார்க்கப் போனாள். கோடை முழுவதும் ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து அவர்களிடம் கேள்வி கேட்டாள். அதே தலைப்பை எடுத்திருந்த அறைத்தோழி ஜோவிதா விடுதியை விட்டு நகரவே இல்லை. அந்தப் பெண்கள் சொல்லக்கூடிய பதில்களையெல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பேராசிரியர் இருவரின் ஆய்வேடுகளையும் புரட்டிப் பார்த்தார். ஜோவிதாவுக்கு உடனே கையெழுத்துக் கிடைத்தது. பிறகு அருள்செல்வியின் பக்கம் திரும்பினார்.

"உன்னோடது ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லையேம்மா. வேலை பிடிக்கலைங்கிறாங்க, விடவும் மாட்டேங்கிறாங்க. யாராவது இப்படிச் சொல்லுவாங்களா? நேர்ல போனியா, இல்ல கம்ப்யூட்டர்ல தட்டி எடுத்தியா?"

"போனேன் சார். அவங்க சொன்னதத்தான் எழுதினேன்."

"நம்புற மாதிரி இல்ல. மாத்திட்டு வா. திங்கக்கிழமை வேணும்."

அறைக்கு வந்தவள் பையைக் கட்டிலின் மேல் வீசினாள். ஜோவிதாவுக்குப் பாவமாக இருந்தது. மடிக்கணினியைத் திறந்தாள்.

"விடுடி, நான் இப்பவே போட்டுத் தர்றேன். அவங்களுக்கு வேலையில மனநிறைவு எவ்வளவு? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லு."

"அதக் கேட்டதும் ஒரு அக்கா கத்தியக் கீழ வச்சுட்டாங்கடி. பதிலே சொல்லல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

ஜோவிதா கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப மூணு போட்டுக்கவா?"