எழுதத் தெரியாதவர்

சலூன் துண்டுகளைப் பிழிந்து பிழிந்து அவளுக்கு மணிக்கட்டு விட்டுப்போயிருந்தது. கடைசித் துண்டை உதறிக் கொடியில் போடும்போது வாசலில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது.

நகர ஆபீஸ் அதிகாரி வந்துவிட்டார்.

எல்லாம் அந்தக் கரும்பலகையால் வந்த வினை. முடிவெட்ட எவ்வளவு, சவரத்துக்கு எவ்வளவு என்று எழுதத்தான் அதைக் கடைக்கு வெளியே மாட்டினார்கள். அவள் புருஷனுக்குக் கத்திரியைவிட வாய் கூர்மை. தினமும் காலையில் ஊர் நடப்பைப் பற்றி அதில் ஒரு வரி எழுதாமல் கடையைத் திறக்க மாட்டான். அதைப் படித்துச் சிரிப்பதற்கென்றே சுற்றிக்கொண்டு வருகிற ஆட்கள் உண்டு.

மூன்று வாரத்துக்கு முன்னால் நகர ஆபீஸ் ஒரு உத்தரவு போட்டது. தெருவைப் பார்த்து யார் எதை எழுதினாலும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் கடை உரிமம் ரத்து. அந்த அதிகாரிதான் அதைக் கடை கடையாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒரு விண்ணப்பம்தானே, கொடுத்துடுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"முடி வெட்ட லைசென்ஸ் கேட்டாங்க, வாங்கினேன். வாயைத் திறக்கவும் லைசென்ஸா? அது நான் பொறக்கும்போதே கொண்டுவந்தது. அதைப் போய் இவங்ககிட்ட கேட்பேனா?"

மறுநாள் பலகையில் இப்படி எழுதினான்: 'ரோட்டுப் பள்ளத்தை மூட ஆபீஸ்ல ஆள் இல்ல. நம்ம வாயை மூட மட்டும் ஒரு பூசணிக்காயை அனுப்புறாங்க.'

அந்தப் பூசணிக்காய் அன்றைக்கே திரும்ப வந்தது. உருண்டையான மனுஷன். பலகை முன்னால் நின்றார். படித்தார். நோட்டை எடுத்து ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு, பேசாமல் போய்விட்டார். அதற்கப்புறம் தினமும் அதே வேலை.

"குறிச்சுக்கிட்டுப் போறாரு தம்பி" என்றார் சவரத்துக்கு வரும் பஸ் டிரைவர். "மொத்தமா சேர்த்துவச்சு ஒரே போடா போடுவாரு. பார்த்துக்க."

"போடட்டுமே" என்று புருஷன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடை போனால் மூன்று வயசுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

இன்று காலை அவன் பலகையில் எழுதிவிட்டுக் கத்திரிக்குச் சாணை பிடிக்கப் போனான். 'ஜன்னலுக்கு என்ன கலர் அடிக்கணும்னு ஆபீஸ் சொல்லுது. உள்ளே என்ன கனவு காணணும்னு எப்பச் சொல்லும்?' அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். ஈரத்துண்டை எடுத்து ஒரே இழுப்பாக அழித்துவிட்டாள்.

இப்போது அதிகாரி அந்த ஈரப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு ஒண்ணும் எழுதலையா?"

அவள் கொடியில் தொங்கிய துண்டுக்குப் பின்னாலேயே நின்று பேசினாள். "இனிமே எழுத மாட்டார் சார். கடையை மட்டும் விட்டுடுங்க. சின்னப் புள்ள இருக்கு."

"ஈரமா இருக்கே. எங்க ஆளுங்க யாராவது வந்து அழிச்சாங்களா?"

"இல்ல சார். நான்தான்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

எல்லாம் அனுமதி விண்ணப்பங்கள். நாளுக்கு ஒன்று. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். புருஷன் எழுதிய ஒவ்வொரு வரியும் இருந்தது. பூசணிக்காய்கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, 'அனுமதிக்கப்பட்டது' என்று அவர் கையெழுத்து.

"இதெல்லாம் அவர் கொடுக்கவே இல்லையே சார்?"

"எழுதத் தெரியாதவங்களுக்கு அதிகாரியே எழுதிக் கொடுக்கலாம்னு அதே உத்தரவுல ஒரு விதி இருக்கு. தேதியை மட்டும் ஒரு நாள் முன்னாடி போட்டுக்கறேன்."

அவள் காகிதத்தின் மேல் வரியைப் பார்த்தாள். 'விண்ணப்பதாரர்: எழுதப் படிக்கத் தெரியாதவர்.'

பயத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. "தெருவே படிக்கிற மாதிரி எழுதறவரையா சார்?"

"மேலதிகாரிங்க யாரும்மா படிக்கிறா? கையெழுத்து இருக்கான்னு பார்ப்பாங்க, அவ்வளவுதான். இந்த உத்தரவைப் போட்டவங்களே அதைப் படிச்சிருப்பாங்களான்னு எனக்குச் சந்தேகம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். மூணு வாரமா எனக்குச் சோறு இறங்கல."

"உன்கிட்ட சொல்லியிருக்கணும், தப்புதான். அவர்கிட்ட சொல்ல முடியாதும்மா. சொன்னா என் மேல மரியாதை வந்துடும். அப்புறம் பூசணிக்காய்னு எழுதக் கை கூசும். என் முகத்துக்காக ஒருத்தர் பேச்சை முழுங்கினா, அப்புறம் எனக்கும் அந்த உத்தரவுக்கும் என்ன வித்தியாசம்?"

காகிதங்களை வாங்கிப் பையில் வைத்தார். எழுதாத ஃபாரம் ஒன்று கையிலேயே இருந்தது. "இன்னிக்கு இது வேண்டியிருக்காது" என்று அதையும் மடிக்கப் போனார்.

"கொஞ்சம் இருங்க சார்."

துண்டுக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சாக்பீஸைத் தொட்டதே இல்லை. எழுத்து ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் வந்தது. அதிகாரி பின்னாலேயே நின்று ஃபாரத்தில் எழுதிக்கொண்டே வந்தார்.

'இந்தப் பலகையை அழிச்சது ஆபீஸ் இல்ல. என் பயம். இனிமே நான்...'

"அம்மா" என்று உள்ளேயிருந்து குழந்தை கூப்பிட்டது. "ஆய் போயிட்டேன், கழுவி விடு."