கதவுக்குக் கீழே இரண்டு செருப்புகள்

மனநலக் கிளினிக் அறையில் ஃபேன் கறகறத்துச் சுற்றுகிறது. டொக்டரின் தாளில் ‘ஒதுங்கி வாழும் ஆளுமை’, ‘தன்னையே பெரிதாக எண்ணும் ஆளுமை’. நடுவில் ஒரு கேள்விக்குறி. எதிரே ஹிமாயா அபாயாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விடுகிறாள். கணவன் றாஸிக் வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறான். கதவின் கீழ் இடுக்கில் அவன் செருப்புகள் தெருவைப் பார்த்தபடி தெரிகின்றன. “கலியாண வீட்டில எல்லாரும் ஒரே சஹன் தட்டைச் சுத்தி இருந்து சாப்பிடக்குள்ள அவர் மட்டும் விலகிப் போறார் எண்டீங்க. ஆக்களே வேணாமெண்டு போறாரா, இல்லாட்டி இவங்க தனக்குக் கீழ எண்டு போறாரா? வெளியால பாத்தா ரெண்டும் ஒண்டுதான். ஆரும் கூப்பிடாட்டி என்ன செய்வார்?” என்று டொக்டர் கேட்கிறார். ஒன்பது வருடமாக அவன் விலகிப் போவதை வெட்கம் என்றே அவள் நம்பியிருந்தாள். போன கிழமை தங்கையின் கலியாணத்தில், எப்படியும் வரமாட்டான் என்று சஹனுக்கு யாரும் அவனைக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் கதவைப் பூட்டிய சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. அன்று அவன் முறுக்கிய மணிக்கட்டு அபாயாவின் கைக்குள் நோகிறது. சொல்ல வாயெடுக்கிறாள். கண் தானாகக் கதவின் கீழே போகிறது. செருப்பு நுனிகள் இப்போது அறையைப் பார்க்கின்றன.

“சும்மா வெக்கம்தான் டொக்டர், வேற ஒண்டுமில்ல,” என்கிறாள், வெளியே கேட்கும்படி.