மேல் வீட்டுத் தகரம்

லிங்கசாமி காரை ஸ்டார்ட் செய்ததுமே, மேட்டில் இருக்கும் மேல் வீட்டு கோகிலவாணி தகரத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒரு மாதமாகத் தினமும் காலை ஆறரை மணிக்கு இதே கச்சேரிதான்.

காரணம் அவருக்குப் புரியாமல் இல்லை. இன்ஜின் போடும் சத்தம் அப்படி. அதற்காக இப்படியா? எஸ்டேட்டுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவளுக்கு, நேரில் வந்து சொல்ல வாய் இல்லையா என்ன?

லிங்கசாமி, அரவேணு டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. பொழுதைத் தள்ளத்தான் பழைய காரின் இன்ஜினை வாசலிலேயே பிரித்து, மூன்று மாதம் மெனக்கெட்டு மாட்டினார். வண்டி ஓடியது. கூடவே டைமிங் செயினும் கடகடவென்று அடித்துக்கொண்டது.

அந்தக் காரில்தான் காலையில் ஜங்ஷனுக்கு டீ குடிக்கப் போவார். வீட்டில் டீத்தூள் இல்லாமல் இல்லை. தனியாக உட்கார்ந்து குடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நாள் முழுக்க அவர் நாலு மனிதர்களைப் பார்ப்பது அந்த அரை மணி நேரம்தான்.

டீக்கடை பாலுவிடம் புலம்பினார். வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றான் அவன். விற்றுவிட்டு, இந்த மூட்டு வலியோடு ஏற்றத்தில் எப்படி நடப்பது?

அன்று மதியமே இன்ஜினை மறுபடி பிரித்தார். செயின் புதிது. அதைப் பொருத்துவதற்கான அடையாளப் புள்ளிகளும் சரியாகத்தான் நின்றன. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கழற்றியபோதுதான் தன் லட்சணம் தெரிந்தது. ஃபேக்டரியில் பைப் ஜாயின்ட்டுகளுக்குப் பூசுகிற பழக்கத்தில், இங்கும் கசிவை அடைக்கும் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசியிருந்தார். அது பிதுங்கி, ஆயில் வரும் ஓட்டையை அடைத்திருந்தது. ஆயில் வராமல் டென்ஷனர் எப்படிச் செயினைப் பிடிக்கும்?

முப்பது வருஷ ஃபிட்டர். சொல்லிச் சிரிக்கக்கூட ஆளில்லாமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, ஓட்டையைச் சுத்தம் செய்து மாட்டினார்.

மறுநாள் காலை சாவியைத் திருகினார். இன்ஜின் சமர்த்தாக முனகியது. மேல் வீட்டிலும் சத்தமில்லை. ஜெயித்துவிட்டார். ஆனாலும் மனசு வெறிச்சென்றிருந்தது. தன்னைத் திட்டுவதற்காவது ஊரில் ஒருத்தி இருந்தாள். இனி அதுவும் கிடையாது.

கேட்டைத் தாண்டி வளைவில் திரும்பினார். பனிமூட்டத்தில், பத்தடி தூரத்தில் ஒரு காட்டெருமை. பின்னால் அதன் கன்று.

பிரேக்கை மிதித்தார்; டயர் கிரீச்சிட்டது. அது தலையைத் தாழ்த்திக் காரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தது. லிங்கசாமி அவசரமாக ரிவர்ஸ் கியரைத் தேடினார்.

அப்போது மேலே தகரம் படபடத்தது. கோகிலவாணி செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடி வந்தாள். அவள் தட்டத் தட்ட, காட்டெருமை கன்றோடு டீச் செடிகளுக்குள் இறங்கி மறைந்தது.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு வண்டி சத்தமே கேக்கலீங்களே?" என்றாள் மூச்சு வாங்க. "பிரேக் சத்தம் கேட்டுத்தானுங்க ஓடியாந்தேன். கன்னு போட்டதுல இருந்து அது இந்த வளைவுலதான் நிக்குது. நீங்க ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டாத்தானுங்க நான் தகரத்தத் தட்டி அதைத் தொரத்த முடியும்."

"ஏம்மா, இதை ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

அவள் தகரத்தைக் கீழே வைத்தாள்.

"சொன்னா பயந்துக்கிட்டு, டீக்கடைக்குப் போறதையும் விட்டுட்டு ஊட்டுக்குள்ளயே உக்காந்துக்குவீங்களேன்னுதானுங்கண்ணா சொல்லல."