பஞ்சுக் குச்சி

பெண் பார்க்க வந்த இடத்தில், கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்ட பிறகுதான் மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். "உங்க பரம்பரையில கை கால் இழுத்துக்குற வியாதி இருக்காமே?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றார் அப்பா. அண்ணனைக் காலையிலேயே பின்னறையில் வைத்துப் பூட்டியிருந்தார்.

அவர்கள் பார்க்க வந்த பெண், மரபணு நோய்களை ஆராய்கிற நிறைமதி, உள்ளே போய்த் தன் ஆய்வுப் பையோடு வந்தாள். உறையைக் கிழித்து, பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை உருவினாள்.

"வாயைத் திறங்க அத்தை. கன்னத்துக்கு உள்பக்கம் லேசா ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். உங்க பரம்பரையில என்னென்ன இருக்குன்னும் பாத்துடலாம்."

அத்தை உதடுகளை இறுக்கிக்கொண்டாள். அவள் கணவரும், மாப்பிள்ளையும்கூட. வாயிலிருந்த கேசரியை ஒருவரும் விழுங்கவில்லை.

பூட்டிய அறைக்குள்ளிருந்து அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நீட்டிய குச்சியை இறக்காமலே, நிறைமதி மறு கையை அப்பாவிடம் நீட்டினாள்.

"சாவி."