நடுங்காத கை

"தப்பு பண்ணாதவனுக்குக் கை ஏன்யா நடுங்குது?"

மேனேஜர் கேட்டதும் டென்ஷன் தன் கைகளைப் பார்த்தான். நடுங்கத்தான் செய்தன. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் பதினேழு வருஷமாக மெக்கானிக். பேர் என்னவோ இருக்கிறது, எல்லோருக்கும் அவன் டென்ஷன்தான். ஒரு நட்டை முடுக்கிவிட்டு மூன்று தரம் தொட்டுப் பார்ப்பான். வீடு போய்ச் சேர்ந்த பிறகு, சரியாக முடுக்கினோமா என்று சந்தேகம் வந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். இப்படி ஒருத்தனோடு வேலை பார்ப்பது பெரிய இம்சைதான், இல்லையென்று சொல்லவில்லை.

பக்கத்தில் நின்றவன் கூல். அவனும் மெக்கானிக்தான். எது நடந்தாலும் சிரித்த முகம். போன வருஷம் ஒரு பெண்மணி லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறியபோது, வெளியே நின்று ஆற அமர டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தான். என்ன நிதானம் என்று மேனேஜர் மெச்சினார். மெச்சுகிற விஷயமா அது?

முந்தாநாள் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், ஒரு டீச்சர் லிஃப்டிலிருந்து வெளியே கால் வைத்த நேரம் பார்த்து லிஃப்ட் வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது. கணுக்கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்று சாயங்காலத்துக்குள் யார் தலையாவது உருள வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"பிரேக் தேஞ்சு போச்சுன்னு நான் நிறுத்தி வெச்ச லிஃப்ட் சார் அது! சுவிட்சை ஆஃப் பண்ணி, தொடாதேன்னு போர்டு மாட்டிட்டு வந்தேன். சர்வீஸ் கார்டுலயும் எழுதினேன். போர்டைக் கழட்டிட்டு ஓட விட்டவன் இவன்!"

கூல் மேனேஜரைப் பார்த்து மெல்லச் சிரித்தான்.

"போர்டா? நான் போனப்ப அப்படி எதுவும் இல்லையே சார். பாவம், அண்ணன் மறந்திருப்பாரு. வீட்டுல என்ன கஷ்டமோ. நாம கோபப்படக் கூடாது."

அண்ணன் என்று வேறு! கண்கூட இமைக்கவில்லை.

"கார்டு எங்கடா? மோட்டார் ரூம் சுவத்துல தொங்குமே, அது எங்க?"

"காணோம்ணே. நானும் தேடினேன்."

டென்ஷன் மேஜையை ஓங்கிக் குத்தினான். மேனேஜரின் டீ சாய்ந்து காகிதமெல்லாம் நனைந்தது.

"கிழிச்சுப் போட்டுட்டுத் தேடினேங்கிறான் சார்! ஒரு அம்மா கால் ஒடிஞ்சு கிடக்காங்க. இவன் ஒரு எட்டு போய்ப் பார்த்தானான்னு கேளுங்க. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல!"

"செய்யாத தப்புக்கு உனக்கு ஏன் தூக்கம் போகுது?" மேனேஜர் காகிதத்தை உதறினார். "இவனைப் பாரு, எவ்வளவு தெளிவா பேசறான். தப்பு பண்ணியிருந்தா இப்படி நிக்க முடியுமா?"

"இவனால முடியும் சார்! அதைத்தான் நான் சொல்றேன்!"

கத்திய கத்தலில் அடுத்த அறையில் பேச்சுச் சத்தம் நின்றது.

"நிறுத்தின அன்னிக்கு உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணேன்? பிரேக் தாங்காதுன்னு சொன்னேனா இல்லையா?"

"பதினோரு தடவை பண்ணே. மனுஷன் நிம்மதியா சாப்பிட முடிஞ்சுதா? தினமும் ஒண்ணைச் சொல்லிப் பயமுறுத்தினா எதைத்தான் நம்பறது? மூணு நாளா படியேறி மூச்சு வாங்குதுன்னு அந்தக் கட்டடத்துக்காரங்க என்னைப் பிடிபிடின்னு பிடிச்சாங்க. இவன் போனான், அஞ்சு நிமிஷத்துல ஓட வெச்சான்."

"அப்ப நான் நிறுத்தி வெச்சது உங்களுக்குத் தெரியும்!"

மேனேஜர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கூல் கைக்குட்டையை எடுத்து, மேஜையில் சிந்திய டீயை நிதானமாகத் துடைத்தான். அந்தக் கை நடுங்கவே இல்லை.

"உன் குணத்துக்கு இந்த வேலை ஒத்து வராதுய்யா," என்றார் மேனேஜர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "பையை வெச்சுட்டுக் கிளம்பு. இவனை சூப்பர்வைசரா போடறேன்."

டென்ஷன் ஸ்பேனர் பையைத் தரையில் போட்டான். விடுவிடுவென்று வெளியே வந்து படியில் இறங்கினான்.

பாதிப் படியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மேனேஜர். மேலே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மனசுல வெச்சுக்காதய்யா. முதலாளிகிட்ட நின்னு பேசறதுக்கு அவன்தான் சரி. எனக்கு ஒரு உதவி பண்ணு. எங்க அபார்ட்மெண்ட் லிஃப்டை மட்டும் நீயே வந்து பார்த்துக்கோயேன். நாலு நாளா பிரேக் போடறப்ப என்னமோ சத்தம் வருது. எங்க சின்னவ ஸ்கூல் விட்டு ஏழாவது மாடிக்குத் தனியாத்தான் ஏறி வருவா."

"அதான் சூப்பர்வைசர் இருக்கானே, கூப்பிடுங்க!"

"அவன் வேண்டாம்யா. எனக்குப் பயமா இருக்கு."

டென்ஷனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"வெட்கமா இல்ல உங்களுக்கு? அந்த டீச்சரும் ஒரு வீட்டுப் பொண்ணுதானேய்யா! வர மாட்டேன். உங்க வாசப்படியை மிதிக்க மாட்டேன். என்ன வேணா பண்ணிக்கோங்க!"

தடதடவென்று இறங்கினான். கடைசிப் படியில் கால் நின்றுவிட்டது. கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அண்ணாந்து, அதே ஆத்திரத்தோடு கத்தினான்.

"ஸ்கூல் எத்தனை மணிக்குய்யா விடும்?"