நடிகையின் கை

“ஆரம்பிச்சிட்டாப்பா நடிகை!”

சலவைக் கூடமே சிரித்தது. ஈரப் போர்வையைத் தூக்கப் போனவள் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் அலட்டுகிறாள் என்று அவளுக்கு வைத்த பெயர்தான் நடிகை.

சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுக்கையில் கிடக்கும் புருஷனுக்கு எல்லாம் செய்துவிட்டு ஓடி வந்த அலுப்பு வேறு. ஒழுகும் மூன்றாவது மெஷினின் அடியில் தேங்கிய தண்ணீரை வழக்கம்போல் தாண்டி வந்தாள்.

“வீட்டு பாத்ரூம்ல விழுந்து மூணு மாசமாச்சு. எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லைன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. இன்னும் என்னடி வலி?”

“கட்டைவிரலுக்குக் கீழே, இந்தக் குழியிலதான்க்கா...”

“தலைவலின்னு லீவு போட்டுட்டு சினிமாவுக்குப் போனவதானே நீ! வா, ஆஸ்பத்திரிக்கு நானே கூட வரேன். உன் சாயம் வெளுக்கட்டும்.”

புதிதாக எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் பேசப் பேச, சூப்பர்வைசரின் முகம்தான் வெளுத்தது.

“முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கே, இந்தச் சின்ன எலும்பு நடுவுல உடைஞ்சிருக்கு. முதல் எக்ஸ்ரேல விரிசல் தெரியாமப் போறது உண்டு. இதுக்கு ரத்தம் விரல் பக்கமா நுழைஞ்சு, பின்னாடி முழங்கை பக்கமாத் திரும்பி வருது. நடுவுல உடைஞ்சா பின்பாதிக்கு ரத்தம் போகாது.”

“இப்போ கட்டுப் போட்டா கூடிடுமா டாக்டர்?” என்றாள் சூப்பர்வைசர்.

“அப்பவே போட்டிருந்தா கூடியிருக்கும். இப்போ அந்தப் பாதி செத்துப்போச்சு. ஆபரேஷன் பண்ணா வலி குறையலாம். பழைய கை வராது, பாரம் தூக்க முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எக்ஸ்ரே எடுக்க வரச் சொன்னோமே, ஏம்மா வரல?”

அன்றைக்கு லீவு கேட்டு நின்றவளை, ‘போடி, உன் நாடகமெல்லாம் எனக்குத் தெரியும்’ என்று விரட்டியதே சூப்பர்வைசர்தான்.

“மறந்துட்டேன் டாக்டர்,” என்றாள் நடிகை.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். துணி துவைத்துப் பிழைப்பவளுக்குக் கை போனால் சகலமும் போச்சு. ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஊரைக் கூட்டுகிற நடிகைக்கு, இன்று அழக்கூட வரவில்லை.

“நான்தான் லீவு கொடுக்கலைன்னு சொல்லியிருக்கலாமேடி. எதுக்குடி பொய் சொன்னே?”

“ஒரு பொய் சொல்லியாச்சு. அதோட இதுவும் போகட்டும்க்கா.”

“அது என்ன பொய்?”

நடிகை மடியில் கிடந்த கையையே பார்த்தாள்.

“நான் வீட்டுல விழலைக்கா. மூணாவது மெஷின் தண்ணியிலதான் வழுக்கினேன். ‘அதைச் சரி பண்ண வைக்காம யாராவது விழுந்தா, உனக்கு வேலை கிடையாது’ன்னு முதலாளி உங்களைத் திட்டினது என் காதுல விழுந்துச்சு. படுத்த படுக்கையா கிடக்கிற மாமாவை வச்சுக்கிட்டு நீங்க எங்கக்கா போவீங்க?”